விடுதி வீடான பின்னும் மரபு மதிப்பு நீடிக்குமா?

கேள்வி: பயணியர் விடுதியாகக் கட்டப்பட்டு, பின்னர் தனியார் இல்லமாக மாற்றப்பட்ட பழங்காலக் கட்டடம் ஒன்றை வாங்க எண்ணியுள்ளோம். பொதுமக்கள் நுழைய இயலாத நிலையில் அதற்கு மரபு மதிப்பு எஞ்சியிருக்குமா? வீடாக்கியபோது எழுப்பிய தடுப்புச் சுவர்களை இடித்துப் பழைய அமைப்பை மீட்க வேண்டுமா?

மறுமொழி 1: பயன்பாடு மாறியதால் மட்டும் மதிப்பு அழிந்துவிடாது. விடுதியைப் பொறுத்தவரை முகப்பைவிட உள்ளமைப்பே முக்கியம் என்பது என் கருத்து. அகன்ற வரவேற்புக் கூடம், விருந்தினருக்கான பெரிய படிக்கட்டு, பணியாளருக்கென ஒதுக்கிய குறுகிய பின்படிக்கட்டு, எண்ணிட்ட கதவுகள், அழைப்புமணிப் பலகை ஆகியவை, யார் எவ்வழியே நடமாடினர், யார் கண்ணில் படாமல் உழைத்தனர் என்பதை இன்றும் காட்டக்கூடியவை. அவற்றை முதலில் காப்பாற்றுங்கள்.

மறுமொழி 2: சுவர்களை இடிக்க அவசரப்பட வேண்டாம். பழங்காலக் கட்டடங்களைப் பேணுவதற்கான பன்னாட்டு நெறிமுறை ஆவணமான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்தில் ஒவ்வொரு காலமும் சேர்த்த பங்களிப்பை மதிக்க வேண்டும் என்றும், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்றும் கூறுகிறது. இல்லமாக இருந்த காலமும் அதன் வரலாறுதான். எனினும், கூரையின் சுதை வேலைப்பாட்டை மறைக்கும் மலிவான பலகைத் தடுப்பை, அளந்து ஒளிப்படமெடுத்துப் பதிவு செய்தபின் அகற்றலாம்.

மறுமொழி 3: எனக்குக் கவலை சமூக மதிப்பைப் பற்றியது. மரபிடங்களைப் பேணுவதற்கான ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி ஆவணமான பர்ரா சாசனம் அழகியல், வரலாற்று மதிப்புகளோடு அதையும் சேர்த்தே கணக்கிடுகிறது. அங்கே பணிபுரிந்தோரும் விழாக் கொண்டாடியோரும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படும்போது இழக்கப்படுவது அதுவே. பழைய வருகைப் பதிவேடுகள் கிடைத்தால், தயவுசெய்து ஓர் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படையுங்கள். சட்டப் பாதுகாப்பு உட்புறத்தையும் உள்ளடக்குகிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள்.