டிரமடால், மார்பின் (ஓபியாய்டு வகை வலி நிவாரணிகள்): ஆபரேஷன் முடிந்த பேஷண்ட்களில் நீங்கள் பார்த்த பக்கவிளைவுகள்

எலும்பு வார்டு சிஸ்டர்:
முட்டி மாற்று செஞ்ச அம்மா, ஆறாம் நாள் திரும்பி வந்தாங்க. புண் சுத்தமா இருக்கு, காய்ச்சல் இல்ல. வயிறுதான் கல்லு. டிரமடால் 50 மி.கி. தினம் மூணு வேளை. டிஸ்சார்ஜ் சீட்டுல மலமிளக்கி ஒண்ணுகூட இல்ல. வீட்ல இசப்கோலை அரை டம்ளர் தண்ணில கலக்கிக் குடுத்திருக்காங்க. டியூட்டி டாக்டர் விரல் விட்டுப் பார்த்தா உள்ள களிமண் உருண்டை. எனிமா குடுக்கும்போது அந்தம்மா சொன்னது: “முட்டியை அறுத்தப்பகூட இப்படி இல்லையேம்மா.” ஓபியாய்டு குடலோட அசைவையே மந்தமாக்குது. இசப்கோல் பருமனைத்தான் கூட்டும், தள்ளி விடாது.

மருந்தாளுநர்:
சிஸ்டர், தப்பு இசப்கோல் மேல மட்டும் இல்லை, அரை டம்ளர் தண்ணி மேலயும்தான். ஆனா ஓபியாய்டு ஓடும்போது அது தேர்வே இல்லை என்பதில் உடன்படுகிறேன். வாந்தி, தூக்கமெல்லாம் சில நாளில் உடம்புக்குப் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. அதனால் முதல் மாத்திரை போட்ட ராத்திரியே குடலைத் தூண்டும் மலமிளக்கியான பிசகோடைல் 5 மி.கி. ஒன்றோ இரண்டோ. 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும், காலையில் போகும். மெல்லக் கூடாது. பாலும் ஜெலுசில் வகையும் ஒரு மணி நேரம் தள்ளி. இல்லையென்றால் மேலுறை வயிற்றிலேயே கரைந்து முறுக்கிப் பிடிக்கும். லாக்டுலோஸ் 15 மி.லி. இரண்டு வேளை என்றால் பலன் தெரிய இரண்டு நாள் ஆகலாம், வாயு சேரும். குடலில் தையல் போட்டவர்களுக்கு சர்ஜனைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் மலமிளக்கி தரக் கூடாது. அது அடைப்பாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக்கு.

என் பங்குக்கு ஒரு சீட்டு: டிரமடால் 37.5, பாராசிட்டமால் 325 கூட்டு மாத்திரை நாலு வேளை. கூடவே வீட்டில் இருந்த பாராசிட்டமால் 650 நாலு வேளை. பாராசிட்டமால் மட்டும் 3,900 மி.கி. ஆளோ 45 கிலோ, அந்த எடைக்கு இது அதிகம்.

போஸ்ட் ஆப் (ஆபரேஷனுக்குப் பின் கவனிப்பு) ஸ்டாஃப்:
மலத்தைப் பத்தியே பேசுறீங்க, நோயாளி பயப்படுறது வாந்திக்கு. ஹெர்னியா முடிஞ்ச பையனுக்கு டிரமடால் 100 மி.கி.யை யாரோ சிரிஞ்சால ஒரே தள்ளு. ஊசியை எடுக்கிறதுக்குள்ள வாந்தி, தையல் மேல ரெண்டு கையையும் வச்சு அமுக்கிக்கிட்டான். அதே மருந்தை 100 மி.லி. சலைன்ல போட்டு 20 நிமிஷம் ஓட விட்டா இவ்வளவு வராது. வாந்தியை நிறுத்த ஒன்டான்செட்ரான் 4 மி.கி. குடுப்போம். ஆனா அது டிரமடாலோட வலி நிவாரணத்தைக் கொஞ்சம் குறைக்கும்னு தெரிஞ்சவங்க இங்க எத்தனை பேர்?

மயக்க மருந்துப் பிரிவு:
குறைக்கும், சரி. அதுக்காக வாந்தியோட விட முடியாது. பாராசிட்டமாலை நேரப்படி குடுத்து டிரமடாலைக் குறைங்க.

சிசேரியனுக்கு முதுகில் மார்பின் போட்டவங்களுக்கு வர்ற அரிப்புக்கு ஏவில் (ஹிஸ்டமினைத் தடுக்கும் அலர்ஜி ஊசி) போடுறதை முதல்ல நிறுத்தணும். அது ஹிஸ்டமின் அரிப்பு இல்லை. மூக்கைத் தேய்ச்சுக்கிட்டே தூங்குவாங்க, அவ்வளவுதான் பலன்.

தூக்கம்தான் மறக்காத கேஸ். கிட்னி பழுதான பெரியவர், மார்பின் ஊசி. அதோட கழிவு சிறுநீர்லதான் வெளியேறணும், அவருக்குத் தேங்கிருச்சு. கூட இருந்த மகள், “அப்பா ரெண்டு நாளைக்கப்புறம் நல்லா தூங்குறார் சார்”னு சந்தோஷமா சொன்னாங்க. குறட்டை. ஒரு நிமிஷம் முழுசா எண்ணினா மூச்சு 7. கண்மணி குண்டூசித் தலை. மார்பினை முறிக்கும் நலோக்சோன் 400 மைக்ரோகிராம் ஆம்பூலை 10 மி.லி. ஆக்கி, 1 மி.லி., ரெண்டு மூணு நிமிஷம் பார்த்து இன்னொரு 1 மி.லி. மொத்தத்தையும் தள்ளினா வலி நிவாரணமும் போயிடும், பிரஷர் எகிறும். மூணாவதுல கண் திறந்தார். 40 நிமிஷத்துல மறுபடி குறட்டை, ஏன்னா நலோக்சோன் மார்பினுக்கு முன்னாடியே தீர்ந்திடும். டிரிப்பா ஓட்ட வேண்டி வந்தது.

எலும்பு வார்டு சிஸ்டர்:
சார், ஆக்சிமீட்டர்ல விழலையா?

மயக்க மருந்துப் பிரிவு:
97 காட்டிக்கிட்டிருந்தது. மாஸ்க்ல 5 லிட்டர் ஆக்சிஜன் ஓடுதே, மூச்சு குறைஞ்சது அதுல தெரியாது.