வேலைக்கும் குடும்பத்துக்கும் ஒரே டீசல் பிக்கப், எது சரிப்படும்?

டைல்ஸ்காரன்
வணக்கம் மக்களே, நான் டைல்ஸ் ஒட்டுற வேலை பாக்குறேன். இப்ப வேலைக்கு ஒரு வேன், வீட்டுக்கு ஒரு சின்ன கார்னு ரெண்டையும் வச்சு கட்டுப்படியாகல, ரெண்டையும் தள்ளிவிட்டுட்டு ரெண்டு வரிசை சீட்டு இருக்குற ஒரே ஒரு டபுள் கேப் டீசல் பிக்கப் எடுத்துரலாம்னு பாக்குறேன். பிள்ளைங்க ரெண்டு பேர், சின்னவனுக்கு இன்னும் சைல்ட் சீட்டு தான். ஹைலக்ஸ், டிமேக்ஸ், ரேஞ்சர் மூணையும் பாத்துப் பாத்து மண்டை காயுது. பின்சீட்ல உக்காந்தா தூக்கித் தூக்கிப் போடும்னு வீட்ல சொல்றாங்க, அது எந்தளவுக்கு உண்மை? ஃபோர் வீல் டிரைவ் அவசியமா? வாரநாள்ல எல்லாம் பக்கத்துப் பக்கத்து சைட்டு தான், பெரிய ஓட்டம் லீவு நாள்ல மட்டும்.

டர்போ_மாமா
இன்ஜினப் பத்தி யோசிக்கவே வேணாம் தம்பி, பெருசா எடு, அவ்ளோதான். டிமேக்ஸ் 3.0 லிட்டர்ல 450 என்எம் (நியூட்டன் மீட்டர்) டார்க், அதாவது இன்ஜினோட முறுக்கு விசை, வருது, அசையாம இழுக்கும். ஹைலக்ஸ் 2.8ல 500 என்எம்னு போட்டிருப்பான், அது ஆட்டோமேட்டிக்குக்கு, மேனுவல்ல 420 தான், அதப் பாத்து வாங்கு. ரேஞ்சர் பை-டர்போ 2.0 லிட்டர் தான் ஆனா அதுவும் 500 தருது, என்ன இருந்தாலும் சின்ன இன்ஜின முறுக்கி எடுக்குறது எனக்குப் பிடிக்காது.

லோடு_கணக்கு
டர்போ மாமா எப்பவும் டார்க்லயே நிப்பாரு 😀 இவருக்கு இழுக்குறது பிரச்சனையே இல்லீங்க, சுமக்குறது தான் பிரச்சனை. டைல்ஸ்னு சொல்றாரே, 10 மில்லிமீட்டர் போர்சலின்னா ஒரு சதுர மீட்டரே 20 கிலோவுக்கு மேல போகும். 30 சதுர மீட்டர் ஏத்தினா 600 கிலோவத் தாண்டியாச்சு, அதுக்கு மேல பசை மூட்டை, கட்டர், கூட ஒரு ஆளு. ஒரு டன் பேலோடு (வண்டி சுமக்கலாம்னு சொல்ற எடை)னு விளம்பரத்துல பாத்துட்டு நிம்மதியா இருக்காதீங்க, அந்தக் கணக்குல பாசஞ்சரும் சேத்தி, நீங்க பின்னாடி மாட்டுற கேனப்பி (பாடிய மூடுற கூடு), முன்னாடி மாட்டுற பம்பர் எல்லாமே அதுல கழியும். ட்ரெய்லர் மாட்டினா கொக்கி மேல அழுத்துற வெயிட்டும் கழியும். ஒரே மாடல்லயே டாப் வேரியண்ட்ல சாமான் ஜாஸ்தி, அதனால பேலோடு கம்மியா இருக்கும், அதனால வண்டியோட பிளேட்ல இருக்குற மொத்த எடைய எடுத்து வெறும் வண்டி எடையக் கழிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, டபுள் கேப்ல பின்னாடி பாடி ஒண்ணரை மீட்டர் நீளம் தான் இருக்கும், அதுலயும் பாதிக்கு மேல ஆக்சிலுக்குப் பின்னாடி நிக்கும். கனமானத கேபின ஒட்டி வைங்க. கடைசில கொண்டு போய் குவிச்சா முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் போயிரும், கூட ட்ரெய்லரும் இருந்தா சேசிஸே வளையும்.

பின்சீட்_அக்கா
வீட்ல சொன்னது உண்மை தான் தம்பி. பின்னாடி இருக்குற லீஃப் ஸ்பிரிங்க, அதாவது அடுக்கடுக்கான பட்டை வில்ல, முழு லோடுக்குன்னு செட் பண்ணியிருப்பாங்க, காலியா போறப்ப குதிக்கத்தான் செய்யும், 200 கிலோ கிடந்தா அதே வண்டி அமைதியா போகும். டயர்ல லோடுக்குச் சொன்ன காத்த அப்படியே வச்சுக்கிட்டு குடும்பத்தோட கிளம்பாதீங்க, காலி வண்டிக்கு தனி அளவு கதவு ஸ்டிக்கர்ல இருக்கும். நிசான் நவாரா டி23 மாடல் டபுள் கேப்ல பின்னாடி காயில் ஸ்பிரிங் (சுருள் வில்), சொகுசு கொஞ்சம் நல்லா இருக்கும், ஆனா தினமும் டைல்ஸ் ஏத்துறவங்களுக்கு லீஃப் தான் நிம்மதி. ரேஞ்சர் ராப்டர் பக்கம் போயிராதீங்க, அது துள்ளி விளையாடத்தான், சுமக்க இல்ல.

சைல்ட் சீட்ட கடைக்கு கையோட எடுத்துட்டு போங்க. மேல் ஸ்ட்ராப்ப மாட்டுற இடம் நிறைய பிக்கப்ல பின்சீட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவுல ஒளிஞ்சிருக்கும், சீட்டச் சாய்ச்சு கைய விட்டுத் துழாவணும். சீட்டோட முதுகும் நேரா தான் இருக்கும், தூங்குற பிள்ளை தலை முன்னாடி தொங்கும்.

கரிப்புகை
யாரும் டிபிஎஃப் (டீசல் புகைல இருக்குற கரியப் பிடிக்குற ஃபில்டர்) பத்தி பேசலியே! பக்கத்துப் பக்கத்து சைட்டுனு சொல்றாரு, இது தான் புது டீசலுக்கு எமன். ஃபில்டர்ல சேர்ற கரிய எரிக்க சுமார் 600 டிகிரி சூடு வேணும், சூடேறுறதுக்குள்ள வண்டிய நிறுத்தினா அது பாதில நிக்கும், எரிக்கிறதுக்குன்னு கூடுதலா அடிச்ச டீசல் இன்ஜின் ஆயில்ல கலக்கும். ஐடில் கொஞ்சம் ஏறி ஃபேன் விடாம ஓடினா எரிக்குதுனு அர்த்தம், அப்ப ஆஃப் பண்ணாதீங்க. வாரத்துக்கு ஒரு தடவை ஹைவேல இருவது நிமிஷம் ஒரே சீரா ஓட்டுங்க. ஆயில் மட்டம் ஏறிட்டே போனா சர்வீஸ் தேதி வரட்டும்னு காத்திருக்காதீங்க.

டைல்ஸ்காரன்
ரொம்ப நன்றி அக்கா, அண்ணன்மாரே. பேலோடுல ஆளுங்களும் சேத்தினு இப்ப தான் தெரியுது. அப்ப ஃபோர் வீல்?

லோடு_கணக்கு
சைட்டு சேறா இருந்தா எடுங்க, இல்லன்னா அந்த வெயிட்டு உங்க பேலோடுல தான் கழியும். எடுத்தாலும் பார்ட் டைம் ஃபோர் வீல்ல முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது, காஞ்ச தார் ரோட்ல போட்டுட்டு ஓட்டினா திரும்புறப்ப இறுகிக்கும். மிட்சுபிஷி ட்ரைட்டன்ல சூப்பர் செலக்ட் (அந்த டிஃபரன்ஷியல் உள்ள ஃபோர் வீல் சிஸ்டம்) இருக்குற வேரியண்ட்ல மட்டும் தார் ரோட்லயும் போடலாம். மழைக்காலத்துல காலி வண்டியோட பின்பக்கம் வழுக்கும்னு பயந்தீங்கன்னா அது ஒரு நல்ல வழி.

டர்போ_மாமா
ட்ரைட்டன் 2.4 லிட்டர் தானே 😒