மாடு கட்டிய வீட்டில் சோயாப் பால்: ஆளாளுக்கு ஒரு யோசனை, எப்படிச் சமாளிப்பது?

கேள்வி கேட்டவர்: குடமுருட்டிக்கரை

வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். கூட்டுக் குடும்பம் என்று சொல்ல முடியாது, ஆனால் கொல்லைக் கதவைத் திறந்தால் பெரிய மாமனார் வீடு, வாசல் கதவைத் திறந்தால் நாத்தனார் வீடு, அந்த மாதிரி. என் மகளுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். ஏழாம் மாதத்தில் முதன்முதலாகப் பசும்பால் விட்ட கஞ்சி ஊட்டிய அன்றைக்கே உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குழந்தை டாக்டர் பரிசோதனை எல்லாம் செய்துவிட்டுப் பால் அலர்ஜி என்றார். பால், தயிர், மோர், நெய், பால்பவுடர் போட்ட பிஸ்கட் எதுவும் கூடாது, நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும், அதுவரை பொறுங்கள் என்றார். சோயா ஒத்துக்கொள்கிறதா என்று அவரே பார்த்துச் சொன்ன பிறகுதான் ஆரம்பித்தோம். இப்போது தாய்ப்பால் நிறுத்தியாகிவிட்டது, தினம் ஒரு தம்ளர் சோயாப் பால், வாரத்தில் இரண்டு நாள் மீல் மேக்கர் என்று ஓடுகிறது. எடை ஒழுங்காக ஏறுகிறது, வாலுத்தனத்துக்கும் குறைவில்லை.

பிரச்சினை சோயாவால் இல்லை, அதைப் பற்றிப் பேசுகிறவர்களால். எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடு. தெருவில் பாதி வீட்டுக் காப்பி அத்தை கறக்கிற பாலில்தான். அப்படிப்பட்ட வீட்டில் பேத்திக்குப் பால் ஆகாது என்றால் அது அத்தைக்கு அவரையே குறை சொன்ன மாதிரி இருக்கிறது. நேரே என்னிடம் சொல்ல மாட்டார், மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது மாட்டிடம் சொல்வார், "கோழித் தீவனத்தை வாங்கிக் கரைச்சுக் கொடுக்கிறா, உன் பாலு விஷமாம்" என்று. பெரிய அத்தை, பொம்பளைப் பிள்ளைக்கு சோயா கொடுத்தால் எட்டு வயதிலேயே வயசுக்கு வந்துவிடும் என்கிறார். நாத்தனார் பேச மாட்டார், வீடியோ அனுப்புவார். பக்கத்துத் தெரு அக்கா ஆட்டுப்பால் கொடு என்கிறார், இன்னொருவர் தெருவில் ஓட்டிக்கொண்டு வருகிற கழுதையிடம் ஒரு சங்கு பால் கறந்து ஊற்றினால் எல்லாம் ஓடிப்போகும் என்கிறார். இதற்கு நடுவில் ஜிம்முக்குப் போகிற கொழுந்தனார் எதிர்க்கட்சி, "தினம் ஐம்பது கிராம் மீல் மேக்கர் போடுங்க அண்ணி, புரோட்டீன்" என்று.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே போய்விடலாம். போன மாதம் ஒரு கல்யாணத்தில், நான் கை கழுவப் போன நேரத்தில், உறவுக்கார அம்மா ஒருவர் பால் பாயசத்தை விரலால் தொட்டுப் பிள்ளை நாக்கில் வைத்துவிட்டார். "ஒரு சொட்டுல என்ன ஆயிடும், பழக்கினாத்தானே பழகும்." அரை மணி நேரத்தில் வாந்தி, முகமெல்லாம் தடிப்பு, பட்டுப்புடவையோடு ஆஸ்பத்திரி. அதிலிருந்து யார் என்ன சொன்னாலும் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. தினமும் சண்டை போடவும் முடியாது, தினமும் உட்கார்ந்து பாடம் நடத்தவும் முடியாது. உங்கள் வீடுகளில் எப்படிச் சமாளித்தீர்கள்?

—

பதில்: வெண்ணெய்த்தாழி

நான் மன்னார்குடி. பேரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். பங்குனித் திருவிழாவில் ராஜகோபாலசுவாமி மேல் ஊரே வெண்ணெயை வீசுகிற நாளில், பால் ஆகாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவள் நான். கீழே இருந்து ஒரு மாமி, "பெருமாள் வெண்ணெய், ஒண்ணும் பண்ணாதும்மா, தடவி விடு" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. என் பையனுக்கு இப்போது ஆறு வயது, நாலரை வயதில் டாக்டர் மேற்பார்வையில் பால் சேர்த்துப் பார்த்து, சரியாகிவிட்டது.

முதல் ஒரு வருஷம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். யார் என்ன சொன்னாலும் பதில் சொன்னேன். படித்த திமிர். அவர்கள் ஒன்று சொல்ல, நான் ஒரு கட்டுரையைக் காட்ட, அவர்கள் ஒரு வீடியோவைக் காட்ட, கடைசியில் எல்லாருக்கும் நான் வாயாடி, பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது யாருக்கும் ஏறவில்லை. அப்புறம் ஒருநாள் எங்கள் அம்மா சொன்னார், "உன் பிள்ளைக்கு யார் யார் ஊட்டுறாங்களோ அவங்கள்ட்ட மட்டும் பேசுடி, மத்தவங்கள்ட்ட மூச்சை வீணாக்காத." உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் மொத்தமே நாலு பேர். மாமியார், மாமனார், என் வீட்டுக்காரர், பால்வாடி டீச்சர். அவ்வளவுதான். அந்த நாலு பேருக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும், எதில் பால் ஒளிந்திருக்கும், தடிப்பு வந்தால் என்ன மருந்து, மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் 108 என்பது வரை. மிச்சப் பேருக்கு ஒரே வாக்கியம், "சரிங்க அத்தை, டாக்டர்ட்ட கேட்டுப் பாக்குறேன்." அதுக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. காரணம் சொல்ல ஆரம்பித்தீர்கள் என்றால் தொலைந்தது, காரணத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள்.

கல்யாண வீடு, கோயில் மாதிரி கூட்டத்தில் மட்டும் "சரிங்க அத்தை" வேலை செய்யாது. அங்கே பிள்ளை கீழே இறங்கவே கூடாது. நீங்கள் கை கழுவப் போனால் வீட்டுக்காரர் இடுப்பில். பாயச அம்மாவை நீங்கள் திட்ட வேண்டாம், ஆனால் அன்றைக்கு எடுத்த முகத்துப் போட்டோ இருந்தால் அவருக்கு அனுப்புங்கள், ஒரு வார்த்தை எழுதாமல். நான் அப்படித்தான் செய்தேன். என் பையன் கண் இரண்டும் மூடிக்கொண்ட மாதிரி வீங்கியிருந்த போட்டோ. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷங்களில் "அந்தப் பிள்ளைக்கு எதுவும் கொடுத்துராதீங்க" என்று முதலில் குரல் கொடுப்பதே அந்த அம்மாள்தான், கொஞ்சம் அதிகமாகவே கொடுக்கிறார்.

—

பதில்: சம்பா அறுவடை

கேள்வி முழுக்கத் தேடிப் பார்த்தேன், உங்கள் வீட்டுக்காரர் எங்கேயும் வரவில்லையே தங்கச்சி? அவர் அம்மா, அவர் பெரியம்மா, அவர் அக்கா, அவர் தம்பி. அவர் வாயைத் திறந்து "டாக்டர் சொன்னதை நான்தான் செய்யச் சொல்லியிருக்கேன்" என்று ஒரு தடவை சொன்னால் பாதி அடங்கும். நான் ஒரு அப்பன் என்ற முறையில் சொல்கிறேன், நாங்கள் வேண்டுமென்றே காது கேளாத மாதிரி இருப்போம், உலுக்குங்கள்.

—

பதில்: திருவையாறு தாத்தா

அம்மா, நான் யோசனை சொல்கிற கட்சி. அறுபத்தெட்டு வயது. என் மருமகள் பேரனுக்கு ஆறு மாதம் வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றபோது, சித்திரை வெயிலில் பிள்ளைக்கு நாக்கு வறளுமே என்று பாலாடையில் திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றியவன். தப்புதான், இப்போது தெரிகிறது. ஆனால் அப்போது எனக்குள் என்ன ஓடியது என்று சொன்னால் உங்களுக்கு உதவலாம். நாலு பிள்ளை வளர்த்த வீட்டில், என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான். தண்ணீர் எல்லாம் சாக்கு.

உங்கள் அத்தை மாட்டிடம் பேசுகிறார் என்றீர்களே, அதைப் படித்ததும் எனக்கு என்னவோ செய்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கறக்கிற கை அது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தன் பாலைக் கொடுத்தவருக்குத் தன் பேத்திக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. நீங்கள் அவரை ஜெயிக்கப் பார்க்க வேண்டாம், ஒரு வேலை கொடுங்கள். தை அறுவடைக்கு முன்னால் தாளடியில் தெளித்த உளுந்தும் பயறும் எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் மூட்டையில் இருக்கும், உங்கள் வீட்டிலும் இருக்கும். உளுந்தங்களிக்கு நெய் வேண்டாம், நல்லெண்ணெய் போதும். கருப்பட்டி போட்டுக் கிண்டினால் அதில் பால் எங்கே இருக்கிறது? "அத்தை, இவளுக்குச் சாயங்காலத்துக்கு நீங்கதான் ஏதாவது செஞ்சு தரணும், எனக்குக் கைப்பக்குவம் வரலை" என்று கேளுங்கள். பொய்யாகவே இருந்தாலும் கேளுங்கள்.

—

பதில்: தஞ்சை உணவியல்

உணவியல் ஆலோசகராக இருக்கிறேன், இந்தக் கேள்விகள் வாரத்தில் பாதி நாள் என் மேஜைக்கு வரும். யாரையும் வாதாடி ஜெயிப்பதற்காக இல்லை, உங்கள் மனசுக்குள் இருக்கிற நடுக்கம் போவதற்காக எழுதுகிறேன்.

கோழித் தீவனம் என்பது உண்மைதான், எண்ணெய் எடுத்த சோயாப் பிண்ணாக்கு கோழிக்குப் போகிறது. கடலைப் பிண்ணாக்கு உங்கள் அத்தையின் மாட்டுக்குப் போகிறது, அதற்காக நாம் கடலை மிட்டாயை விட்டுவிட்டோமா? மீல் மேக்கரும் எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வதுதான். உலர்ந்த நிலையில் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி புரதம், அதனால்தான் கொழுந்தனார் கணக்கு தப்பு. ஒன்றிலிருந்து மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2020-ல் சொன்ன அளவு நாளைக்கு 12.5 கிராம் புரதம். இருபத்தைந்து கிராம் மீல் மேக்கரிலேயே அது முடிந்துவிடும், அதற்கு மேல் சோறு, பருப்பு, முட்டை எல்லாம் வேறு இருக்கிறது. ஐம்பது கிராம் அவரே சாப்பிடட்டும். பிள்ளைக்கு ஊறவைத்துப் பிழிந்து, வேகவைத்து, பொடியாக நறுக்கிக் கொடுங்கள், உருண்டையாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும்.

வயசுக்கு வருகிற பயம். சோயாவில் ஐசோஃபிளேவோன் என்று ஒன்று இருக்கிறது, பெண்மைச் சுரப்பைப் போல மிக மெல்லிசாக வேலை செய்யக்கூடியது, அந்தப் பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. கைக்குழந்தையில் சோயாப் பால்மாவில் வளர்ந்தவர்களையும் பசும்பால் மாவில் வளர்ந்தவர்களையும் சேர்த்து 811 பேரை, இருபது முப்பது வயதான பிறகு அமெரிக்காவில் விசாரித்திருக்கிறார்கள். 2001-ல் வெளிவந்தது. பூப்பெய்திய வயதில் வித்தியாசம் இல்லை, சோயாப் பெண்களுக்கு மாதவிலக்கு அரை நாளுக்கும் குறைவாகக் கூடுதலாக நீடித்தது, அந்நாள் உபாதையும் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். பிரிட்டனில் நடந்த இன்னோர் ஆய்வில் பூப்பெய்துவது சில மாதங்கள் முந்தியதாகத் தென்பட்டது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு சோயா மாவுதான் முக்கிய ஆகாரமாக இருந்தது. உங்கள் பெண் ஒரு தம்ளர் குடித்துவிட்டு மற்றதெல்லாம் சாப்பிடுகிறவள். எட்டு வயது என்பதெல்லாம் பெரிய அத்தையின் சொந்தச் சரக்கு.

ஆட்டுப்பால் கூடவே கூடாது. அதன் புரதம் பசும்பாலோடு அவ்வளவு ஒத்திருக்கிறது, பசும்பால் ஆகாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அதுவும் ஆகாது, எருமைப்பாலும் அப்படியே. கழுதைப் பாலைக் காய்ச்சாமல், ஊரெல்லாம் போன சங்கில் ஊற்றுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

எனக்குக் கவலை இருப்பது வேறு இடத்தில், அதை யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். வீட்டில் அரைக்கிற சோயாப் பாலில் கால்சியம் குறைவு. கடையில் வாங்குவதானால் கால்சியம் சேர்த்ததா, சர்க்கரை எவ்வளவு என்று அட்டையைப் பாருங்கள், ஊற்றும் முன் நன்றாகக் குலுக்குங்கள், கால்சியம் அடியில் தங்கும். கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை தாராளமாக. வீட்டில் அரைத்தால் கொதி வந்ததும் இறக்காமல் கால் மணி நேரமாவது கிண்டிக் கொதிக்க விடுங்கள், பச்சை சோயா செரிக்காது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிற பிள்ளையின் பெற்றோர் யாராவது இதைப் படித்தீர்களானால், சோயா அந்த மாத்திரை உடம்பில் சேருவதைக் குறைக்கும், டாக்டரிடம் சொல்லி நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரு வயது ஆகாத பிள்ளைக்குச் சாதாரண சோயாப் பாலைப் பாலுக்குப் பதிலாகக் கொடுக்கவே கூடாது, டாக்டர் எழுதித் தருகிற பால்மா வேறு, இது வேறு.

—

கேள்வி கேட்டவர்: குடமுருட்டிக்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், நடவு நேரம்.

வீட்டுக்காரரை உலுக்கினேன். முதலில் "எல்லாம் உன் நல்லதுக்குத்தானே சொல்றாங்க" என்றார். பாயச ராத்திரி போட்டோவைக் காட்டினேன், ஒன்றும் பேசவில்லை, மறுநாள் அவர் அக்காவிடம் வீடியோ அனுப்புவதை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். இப்போது நாத்தனார் அவருக்கே அனுப்புகிறார். பரவாயில்லை.

தாத்தா சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் அத்தையிடம் போய்க் கேட்க என் மானம் இடம் கொடுக்கவில்லை. நாலு நாள் தள்ளிப்போட்டேன். அப்புறம் மறுபரிசோதனைக்குப் போகும்போது துணைக்கு வாருங்கள் என்று மட்டும் கூப்பிட்டேன், அவரும் வந்தார். டாக்டரிடம் நான் இரண்டு வருஷமாகக் கேட்கத் தோன்றாத ஒன்றை அத்தை கேட்டார், "மாட்டைக் கறந்துட்டு அதே கையோட பிள்ளையத் தூக்கலாமா?" டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்குங்கள் என்றார். பிள்ளை கன்னத்தில் அடிக்கடி ஒரு திட்டுச் சிவப்பு வரும், கொசு என்று நினைத்திருந்தேன். பதினைந்து நாளாகக் காணோம். அதனால்தானா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அத்தை இப்போது கொட்டிலிலிருந்து நேரே அடிபம்புக்குத்தான் போகிறார்.

சோயாவைப் பற்றி அவர் அபிப்பிராயம் மாறவில்லை. நாற்றம் அடிக்கிறது என்கிறார், அது கொஞ்சம் உண்மையும்கூட. பெரிய அத்தை எட்டு வயதிலேயே நிற்கிறார், அவருக்கு "சரிங்க அத்தை".

தாத்தா, அந்த உளுந்தங்களிக்கு அளவு சொல்லுங்கள். அத்தை அரிசி சேர்க்காமல் வெறும் உளுந்தில் கிண்டி இரண்டு தடவை உருளிக்கு அடியில் பிடித்துவிட்டது, என்னிடம் கேட்க மாட்டார், நானும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.