ஒரு போன் பண்ணினால் முடிகிற கதை

குழு: நம்ம வீட்டார்
சனிக்கிழமை இரவு

யாழினி: சித்தி, நீங்கள் கேட்டீர்களே அந்த ரோம்-காம் (காதல் நகைச்சுவை) நாவல், முடித்துவிட்டேன். வாங்க வேண்டாம்.

மதுரை சித்தி: அட்டை அவ்வளவு அழகாக இருந்ததே! இளஞ்சிவப்பில், ரெண்டு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற கார்ட்டூன் படம்.

யாழினி: அட்டைக்குத்தான் காசு. ஆனால் ஆரம்பத்தில் உண்மையிலேயே சிரித்தேன். பேக்கரி நடத்துகிற பெண், அந்தக் கட்டடத்தை இடிக்க நோட்டீஸோடு வருகிற வக்கீல். யாரோ ஒருவர் கல்யாணத்துக்காகக் காதலர்கள் மாதிரி நடிக்கிறார்கள்.

கார்த்தி அண்ணா: ஓட்டலில் ஒரே ஒரு ரூம்தான் காலி?

யாழினி: ஒரே ஒரு கட்டில் 🙄

கார்த்தி அண்ணா: படிக்காமலே சொன்னேன் பார்.

யாழினி: அதெல்லாம் தெரிந்துதானே வாங்குகிறோம் அண்ணா. கடைசியில் சேருவார்கள் என்பதும் தெரியும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாதிக்கு மேல் சிரிப்பு காணாமல் போய்விட்டது, அதுதான் கோபம். அவனுக்கு இறந்துபோன அண்ணன், அவளுக்கு ஓடிப்போன அப்பா. துக்கம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் துக்கம் வந்த நிமிஷத்திலிருந்து இரண்டு பேரும் வேறு ஆட்கள் மாதிரிப் பேசுகிறார்கள். தாத்தா காரியத்தன்று நாம் சிரிக்காத சிரிப்பா?

அண்ணி: கிண்டிலில் 80 சதவீதம் காட்டும்போது பிரிந்தார்களா?

யாழினி: கரெக்ட் அண்ணி! அவன் போனில் பேசியதில் பாதியை மட்டும் கேட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விடுகிறாள். அப்புறம் அத்தியாயம் அத்தியாயமாக அழுகை. "நீ அப்படியா சொன்னாய்?" என்று ஒரு போன் பண்ணியிருந்தால் முடிந்திருக்கும்.

மதுரை சித்தி: உனக்காவது அழுகை. நான் ஆன்லைனில் ஒரு தமிழ் நாவல் படிக்கிறேன். "ஜாலியான காதல் கதை" என்று போட்டிருந்தது. நாயகன் பெரிய கம்பெனி முதலாளி. இரண்டாவது எபிசோடில் அறைகிறான், நாலாவதில் மிரட்டித் தாலி கட்டுகிறான். நடுவில் தோழி வந்து ரெண்டு கடி ஜோக் சொல்லிவிட்டுப் போகிறாள், அதுதான் ஜாலியாம். கமெண்டில் எல்லாரும் ஹார்ட் விடுகிறார்கள்.

அண்ணி: சின்ன வயதில் அவனை யாராவது ஏமாற்றியிருப்பார்களே சின்னத்தை?

மதுரை சித்தி: அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டாளாம். அதற்கு இந்தப் பெண் என்ன செய்வாள்?

பெரியப்பா: யாழினி சொன்ன அந்தப் போன் விஷயத்துக்கு வருகிறேன். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813ல் வந்தது, மொத்தம் 61 அத்தியாயம். நாயகன் டார்சி நாயகி எலிசபெத்தை முதல் தடவை பெண் கேட்பது 34ல். கேட்கிற லட்சணம் எப்படி? உன் குடும்பம் எனக்குச் சமமில்லை, இருந்தாலும் மனசு கேட்கவில்லை என்கிற தோரணை. எலிசபெத் முகத்தில் அடித்தமாதிரி முடியாது என்கிறாள். மறுநாளே, தன்மேல் பழி சொன்ன விக்காமைப் பற்றிய உண்மையை எல்லாம் எழுதிக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிடுகிறான். ஆக, நீ கேட்கிற விளக்கம் 35ஆம் அத்தியாயத்திலேயே வந்துவிட்டது. அப்படியும் இன்னும் 26 அத்தியாயம் ஓடுகிறது. அவன் திமிர் இறங்க வேண்டும், இவள் தன் அவசர முடிவுகளை நினைத்து வெட்கப்பட வேண்டும். அதற்குப் போன் போதாதே.

யாழினி: பெரியப்பா 👏👏 இதைத்தான் நான் சொல்லத் தெரியாமல் புலம்பிக்கொண்டிருந்தேன்.

கார்த்தி அண்ணா: அப்பா, ஆஸ்டினை வைத்து அளந்தால் எது தேறும்? இதெல்லாம் ரயிலில் படித்துவிட்டு சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்குகிற புத்தகம்.

பெரியப்பா: ஆஸ்டின் மாதிரி எழுதச் சொல்லவில்லைடா. பிரிவதற்கு உருப்படியாக ஒரு காரணம் கேட்கிறேன்.

அண்ணி: லேசான புத்தகத்திலும் முடியும். 'பிரிட்ஜெட் ஜோன்ஸின் டைரி' நாவலும் அதே ஆஸ்டின் கதையை வைத்து ஹெலன் ஃபீல்டிங் எழுதியதுதான், நாயகன் பெயர்கூட டார்சி. 1995ல் லண்டன் 'இண்டிபெண்டன்ட்' பத்திரிகையில் தொடர் பத்தியாக வந்து, அடுத்த வருஷம் நாவலானது. நாயகி பிரிட்ஜெட் தன் டைரியில் எடை, சிகரெட், குடித்த கணக்கு எல்லாம் எழுதுவாள். மனசு உடைந்த நாளிலும் அந்தக் கணக்கு நிற்காது. பத்தி என்றால் ஒவ்வொரு தடவையும் சிரிக்க வைத்தாக வேண்டுமே, அந்தப் பழக்கம் நாவலிலும் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

பெரியப்பா: விகடனில் எழுத்தாளர் தேவன் தொடர் எழுதியதும் அப்படித்தான் அம்மா. வாராவாரம் சிரிக்க வைத்தார்.

மதுரை சித்தி: அத்தான், என் நாவலும் வாராவாரம்தான் வருகிறது. வாரம் தவறாமல் அறை விழுகிறது.

கார்த்தி அண்ணா: 😂😂😂

அண்ணி: அங்கே அடுத்து என்ன ஆகுமோ என்ற பயத்தில் வாசகரைப் பிடித்துவைக்கிறார்கள். தொடராக வந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது.

கார்த்தி அண்ணா: தப்பாகப் புரிந்துகொள்வது கூடாது என்றால் ஷேக்ஸ்பியரையும் தள்ளிவிடுங்கள். அவருடைய 'மச் அடூ அபவுட் நத்திங்' நாடகத்தில் பொய்யை நம்பித்தானே மாப்பிள்ளை மணமேடையிலேயே கல்யாணத்தை நிறுத்துகிறான்?

யாழினி: கிளாடியோ. எனக்கு அவனைப் பிடிக்கவே பிடிக்காது. அதே நாடகத்தில் பியாட்ரிஸும் பெனடிக்கும் இருக்கிறார்களே! ஒளிந்து நிற்கிற பெனடிக் காதில் விழும்படி "பியாட்ரிஸ் அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள்" என்கிற மாதிரி நண்பர்கள் பேச, உடனே நம்பிவிடுகிறான். அவளுக்கும் அதே வேலையைச் செய்கிறார்கள், அவளும் நம்புகிறாள். ரெண்டு பேருக்கும் அவ்வளவு கர்வம், அவ்வளவு ஆசை. அப்புறம் காதலைச் சொன்ன கையோடு, மணமேடையில் என் தங்கை முறைப் பெண்ணை அவமானப்படுத்திய கிளாடியோவைக் கொல் என்கிறாள் பியாட்ரிஸ். கிளாடியோ பெனடிக்கின் நண்பன். இதை எந்த மெசேஜில் தீர்ப்பீர்கள்?

கார்த்தி அண்ணா: சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரே கட்டில் எனக்குப் பிடிக்கும். 😌

அண்ணி: வீட்டுக்கு வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

மதுரை சித்தி: அத்தான், தேவன் தொடர் எதையோ கிழித்து பைண்டு பண்ணி வைத்திருந்தீர்களே, இருக்கிறதா?

பெரியப்பா: இருக்கிறது. பக்கம் பொடிந்து வருகிறது, வெளியே கொடுப்பதில்லை. இங்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போகலாம்.

யாழினி: நானும் வருகிறேன். பழைய விளம்பரங்களுக்காகவே!

மதுரை சித்தி: ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். இப்போது கிளம்புகிறேன், புது எபிசோடு போட்டிருப்பாள்.

அண்ணி: அந்த அறைகிறவன் கதையா???

மதுரை சித்தி: அவனை விடு. அவன் தங்கைக்கும் டிரைவருக்கும் ஏதோ ஓடுகிறது. அது நன்றாக இருக்கிறது.