ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்தப் பெண் ஓவியரிடமிருந்து தொடங்கலாம்?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் ஓவிய ஆசிரியை நான். நூலக அறையில் ஒரு சுவர் முழுக்க ஓவியர்களைப் பற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கையில் கொடுத்த பட்டியலில் ரவிவர்மா, வான்கோ, பிக்காசோ, கே.சி.எஸ். பணிக்கர் என்று அத்தனை பேரும் ஆண்கள். ஸ்டாஃப் ரூமில் இதைக் கேட்டதற்கு, "திறமை இருந்திருந்தால் அவர்களும் தானாக மேலே வந்திருப்பார்கள் டீச்சர்" என்று ஒரு சார் பேச்சை முடித்துவிட்டார். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் வகுப்பில் கை நன்றாக வரும் பிள்ளைகளில் பெண்கள்தான் அதிகம். அவர்கள் காதில் இந்த வார்த்தை விழுந்தால் என்ன ஆகும்? நாலு பெயரைத் தேடி ஒட்டிவிட்டால் போதாது, சாருக்குச் சரியான பதிலும் வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?

செங்கோட்டைவாசி:
உங்கள் சார் சொன்னதற்கான பதில் 1971லேயே வந்துவிட்டது டீச்சர். 'மகத்தான பெண் கலைஞர்கள் ஏன் இல்லை?' என்று லிண்டா நாக்லின் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் கட்டுரை எழுதினார். திறமையைப் பற்றிப் பேசும் முன், யாருக்கு என்ன படிக்கக் கிடைத்தது என்று பாருங்கள் என்பதுதான் அவர் வாதம். ஐரோப்பாவில் புராண, சரித்திரப் படங்களுக்குத்தான் பெரிய மதிப்பு. அவற்றை வரைய, ஆடையில்லாத மாடலைப் பார்த்து உடலை வரைந்து பழக வேண்டும். அந்த வகுப்புக்குள் பெண்களை விடவில்லை. லண்டனில் ராயல் அகாடமி என்ற ஓவியக் கழகத்தை 1768இல் தொடங்கியவர்களில் ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் உண்டு. ஆனால் அகாடமி உறுப்பினர்களை ஸோஃபனி என்ற ஓவியர் வரைந்த படத்தைப் பாருங்கள். ஆண்கள் எல்லாம் மாடல்களைச் சுற்றி நிற்கிறார்கள். இந்த இருவரும் சுவரில் மாட்டிய படங்களாக மட்டும் இருக்கிறார்கள். அதைப் பெரிதாக மாட்டி, பெண்கள் எங்கே என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.

திருவனந்தபுரம் தமிழன்:
லண்டன் வரை போக வேண்டாம், ரவிவர்மா பிறந்த கிளிமானூரிலேயே பதில் இருக்கிறது. ரவிவர்மாவின் தங்கை மங்களா பாய் தம்புராட்டியும் ஓவியர்தான். அண்ணனை அவர் வரைந்த உருவப்படம் இங்கே ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. தம்பி ராஜராஜ வர்மா அண்ணனோடு பம்பாய், பரோடா என்று ஊர் ஊராகப் போனார், கூடவே வரைந்தார், நாட்குறிப்பும் எழுதினார். அதனால் இன்றைக்கு அவரைப் பற்றி நிறையத் தெரிகிறது. தங்கைக்கு அந்த ரயில் பயணங்கள் இல்லை. மூவரும் பிறந்தது ஒரே வீடு. திறமை தானாக மேலே வரும் என்பவரிடம் இந்த மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வங்காளத்திலும் இதே கதைதான். தாகூர் குடும்பத்து ஓவியர்கள் அவனீந்திரநாத், ககனேந்திரநாத் என்று சொன்னால் பலருக்குத் தெரியும், அவர்களுடைய சகோதரி சுனயனி தேவியைச் சொன்னால் யோசிப்பார்கள்.

வேலந்தாவளம் அக்கா:
எல்லாம் சரி. ஆனால் சுவர் முழுக்க 'விடவில்லை, விடவில்லை' என்றே இருந்தால் பிள்ளைகள் பாவம் என்று நினைத்துவிட்டுப் போய்விடும். வேலையைக் காட்டுங்கள் டீச்சர். எதிரித் தளபதியின் தலையை வெட்டிய யூதித்து என்ற பெண்ணின் பழைய கதையை இத்தாலியப் பெண் ஓவியர் ஆர்த்தமீசியா ஜென்டிலெஸ்கி 17ஆம் நூற்றாண்டில் வரைந்தார். அந்தப் படத்தை, அதே கதையைக் காரவாஜ்ஜோ என்ற ஆண் ஓவியர் வரைந்த படத்தோடு சேர்த்து வையுங்கள். காரவாஜ்ஜோவின் படத்தில் யூதித்து உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு கத்தியைப் பிடித்திருக்கிறாள், கிழவி வேலைக்காரி துணியோடு சும்மா நிற்கிறாள். ஆர்த்தமீசியாவின் படத்தில் வேலைக்காரியும் இளம்பெண். அவள் தன் முழு பலத்தையும் போட்டுத் தளபதியை அமுக்குகிறாள். யூதித்து சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ஒரு கையால் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறாள். இரண்டு பெண்களுடைய முன்னங்கைகளிலும் வேலை செய்கிறவர்களின் பலம் தெரியும். ஆர்த்தமீசியாவுக்கு நடந்த பாலியல் வன்முறையையும் அதற்காக 1612இல் நடந்த வழக்கையும் மட்டும் சொல்லி நிறுத்தும் பழக்கம் நம் பேச்சிலும் வந்துவிட்டது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தக் கையை வரையத் தெரிந்தவரை முதலில் ஓவியராகப் பார்க்க வேண்டும்.

அப்புறம், பணிக்கர் சுவரில் இருக்கிறார் என்றீர்களே, அவரிடம் மதராஸ் ஓவியக் கல்லூரியில் படித்த டி.கே. பத்மினி எங்கே? பொன்னானிப் பக்கத்துப் பெண். நம் சித்தூர்ப்புழைத் தண்ணீர் பாரதப்புழையோடு சேர்ந்து அவர் ஊர்ப் பக்கம்தான் கடலுக்குப் போகிறது. அறுபதுகளில், கேரளத்து நாட்டுப்புறத்தில் பிறந்த ஒரு பெண், பெண்களின் உடலை வெட்கமோ அலங்காரமோ இல்லாமல் வரைந்திருக்கிறார். 1969இல் பிரசவத்தின்போது இறந்துபோனார். வயது 29.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா, பத்மினியிடமிருந்துதான் தொடங்கப் போகிறேன். பணிக்கருக்குப் பக்கத்திலேயே அவர் இருப்பார். 29 வயதில் போய்விட்டார் என்பதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு எதையும் படிக்க முடியவில்லை. ஆனாலும் அவருடைய படங்கள்தான் முதலில், அந்தச் செய்தி கீழே சின்ன எழுத்தில்.

ரவிவர்மா வரிசையில் தங்கையையும் தம்பியையும் சேர்க்கிறேன். யூதித்து படத்தில் ரத்தம் இருக்கிறதே என்று தலைமையாசிரியர் தயங்குகிறார். பெரிய வகுப்புகளுக்காவது காட்ட அனுமதி கேட்டிருக்கிறேன், விடமாட்டேன். பத்மினி படங்களின் நல்ல பிரதிக்குக் கேரள லலித்கலா அகாடமிக்கு எழுதுகிறேன். வண்ணம் மாறாமல் பெரிதாக அச்சடித்துத் தரும் கடை பொள்ளாச்சியில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். பாலக்காடு போய்வர ஒரு நாள் போய்விடுகிறது.