வேர்ட் கோப்புகளில் 'தோட்டம்' என்று தேடினால் ஒன்றுமே வருவதில்லை

இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிந்த வாழ்க்கைக் கதைகள் எங்களிடம் வேர்ட் கோப்புகளாக இருக்கின்றன, முந்நூறுக்கு மேல். எல்லாம் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. போன வருடம் ஒருவர் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றித் தந்தார். வாசிக்க ஒரு குறையும் இல்லை. தேடும்போதுதான் சிக்கல்.

'லயம்', 'சம்பளம்', 'பிரஜாவுரிமை' எல்லாம் உடனே அகப்படுகின்றன. 'தோட்டம்', 'கொழுந்து', 'தொழிற்சங்கம்' வருவதே இல்லை. பக்கம் முழுக்கக் கொழுந்துதான், ஆனால் வேர்டுக்குத் தெரியவில்லை! மலையகக் கதைகளில் இதையெல்லாம் விட்டுவிட்டு வேறு எதைத் தேடுவது?

விண்டோஸ் 10, வேர்ட் 2016. விண்டோஸின் தேடல் இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டிப் பார்த்தேன், கோப்பின் உள்ளடக்கத்தையும் தேடும்படி அமைத்தேன், எழுத்துருவை லதாவுக்கும் நிர்மலாவுக்கும் மாற்றினேன். பலனில்லை. கோப்பிலிருந்தே சொல்லை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினால் மட்டும் கிடைக்கிறது.

அப்புறம் ஒன்று கவனித்தேன். நான் தட்டிய 'தோ'வில் பேக்ஸ்பேஸ் அடித்தால் 'த' மிஞ்சுகிறது. மாற்றிய கோப்பிலோ கால் மட்டும் போய் 'தே' நிற்கிறது. ஒற்றைக் குறியாக இருக்க வேண்டிய ஓகாரம் ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகக் கிடக்கிறது போல. ஒகாரத்திலும் அதே கதை.

சரி, ஒரு கோப்பில் தேடி மாற்றிவிடலாம். முந்நூறையும் ஒவ்வொன்றாகத் திறக்காமல், எல்லாவற்றிலும் இதை ஒரே தடவையில் சரிசெய்ய மேக்ரோவோ வேறு வழியோ இருக்கிறதா?