சிவப்பு டைனோசரை வரைந்தவர்: ஷெப்பர்ட் ஃபேரியின் வேலையை நீங்கள் முதலில் எங்கே பார்த்தீர்கள்?

கோவையில் இருபது வருஷமாக டிசைன் வேலை பார்க்கிறேன். விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் என எது வந்தாலும் கோரல்டிராவில் போட்டுக் கொடுத்துவிடுவேன். காலேஜில் படிக்கும்போது லேப் கம்ப்யூட்டரில் மொசில்லா பிரவுசர் இருந்தது. அதன் சின்னம் ஒரு சிவப்பு டைனோசர் தலை. பழைய சோவியத் போஸ்டரில் இருந்து வெட்டி எடுத்த மாதிரி இருக்கும். ஒரு பிரவுசருக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அப்போதே தோன்றியது.

1998-ல் அதை வரைந்தவர் ஷெப்பர்ட் ஃபேரி என்ற அமெரிக்கத் தெருக்கலைஞர் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ராத்திரியில் சுவரேறி ஸ்டிக்கரும் போஸ்டரும் ஒட்டிப் போலீஸிடம் பல தடவை மாட்டியவர். 1989-ல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் ஓவியக் கல்லூரி மாணவர். நண்பனுக்கு ஸ்டென்சில் வெட்டச் சொல்லிக்கொடுக்க, பேப்பரில் வந்த மல்யுத்த விளம்பரத்தில் இருந்து ஆந்த்ரே தி ஜயண்ட் என்ற மல்யுத்த வீரரின் முகத்தை எடுத்தார். விளையாட்டாகப் போட்ட ஸ்டிக்கர், ஊர் ஊராகப் பரவியது. 'ஆந்த்ரே தி ஜயண்ட்' பெயர் எங்கள் டிரேட்மார்க் என்று மல்யுத்தக் கம்பெனி மிரட்டியதும் முகத்தைச் சுருக்கிக் கோடுகளாக்கி, கீழே 'ஒபே', அதாவது 'கீழ்ப்படி' என்று போட்டுவிட்டார். இன்று அது ஒரு துணி பிராண்ட்.

'தெருக்கலைஞன் கம்பெனிக்கு விலைபோய்விட்டான்' என்று இவரைத் திட்டுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. படிக்கிற காலத்திலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தவர் இவர். ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் அர்த்தமே இல்லாவிட்டாலும் சனங்கள் மனதில் நிற்கும் என்பதைச் சுவரில் கற்றுக்கொண்டார். விளம்பரக் கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கியது அதைத்தான்.

என் கதைக்கு வருகிறேன். 2011 உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு, 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவுக்காக இவர் போட்ட 'ஹோப்' போஸ்டர் பாணியில் சிவப்பும் நீலமுமாக ஃபிளெக்ஸ் டிசைன் செய்து பெருமையாகக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, மூஞ்சில பாதி நீலம் பூசி வெச்சிருக்க? நான் என்ன கிருஷ்ணர் வேஷமா கட்டியிருக்கேன்?" என்றார். அன்றே கும்பிடு போடும் ஃபோட்டோவுக்கு மாறிவிட்டோம்.

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

*

அப்போது வேலைக்காக பாஸ்டனில் இருந்தேன் சார். 2009 பிப்ரவரி, சரியான குளிர். சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் இவர் கண்காட்சி. திறப்பு நிகழ்ச்சியில் பாட்டுப் போட வந்துகொண்டிருந்தவரை வழியிலேயே போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. ஊரில் சுவர்களைக் கெடுத்தார் என்று வாரண்ட். உள்ளே கூட்டம் காத்திருக்கிறது, ஆள் லாக்கப்பில். அதற்கு முந்தின மாதம்தான் வாஷிங்டனில் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் அவருடைய ஒபாமா படத்தைத் தன் சேகரிப்பில் சேர்த்திருந்தது!

நான் அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன். ஃபோட்டோவில் பார்க்கும்போது தெரியாத ஒன்று: அந்தப் பெரிய படங்களில் கிட்டப் போனால் அடியில் பழைய செய்தித்தாள் துண்டுகள், தாளின் சுருக்கம், பிசிறு எல்லாம் தெரியும். தூரத்தில் சுத்தமான டிசைன். கிட்டப் போனால் தெருச்சுவர்.

ஆனால் நீங்கள் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அந்த ஹோப் படம், அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்துக்காக 2006-ல் எடுத்த ஃபோட்டோவைப் பார்த்துச் செய்தது. அனுமதி கேட்கவில்லை. அதைக்கூட விடலாம், வாதாட இடம் இருந்தது. கோர்ட்டில் வேறொரு ஃபோட்டோவைக் காட்டி இதுதான் மூலம் என்றார், நிஜ ஃபைல்களை அழித்தார், மாட்டிக்கொண்டார். சிவில் வழக்கு 2011-ல் சமரசம் ஆனது. கோர்ட் அவமதிப்புக் குற்றத்துக்கு 2012-ல் 25,000 டாலர் அபராதம், 300 மணி நேரச் சமூக சேவை, இரண்டு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு. கூகுளில் கிடைத்த படத்தை எடுத்து ஃபிளெக்ஸில் போடுகிற நமக்கெல்லாம் இதைப் படித்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

*

கலக்கத்தான் செய்கிறது சார், மறுக்கவில்லை. 2017-ல் டிரம்ப் பதவியேற்பு சமயத்தில், அமெரிக்கக் கொடியை ஹிஜாபாகக் கட்டிய பெண்ணின் போஸ்டர் ஒன்று போட்டாரே, அதற்கு மூலமான ஃபோட்டோவை எடுத்தவர் யார் என்பது வெளிப்படையாகவே இருந்தது. பட்டுத் தெரிந்துகொண்டார் போல.

*

அண்ணே, நான் மதுரை. எங்கப்பா போஸ்டர் ஒட்டுற வேலைல இருந்தவர். இந்த ஆளைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அமெரிக்காவுல டெட்ராய்ட்ங்கிற ஊர்ல இவர் போஸ்டர் ஒட்டுன கேஸைப் பத்தி இங்லீஷ்ல ஒரு செய்தி பாத்துட்டு உள்ள வந்தேன். 2015-ல ஒரு பெரிய கட்டடத்துல காசு வாங்கிட்டு முறைப்படி படம் வரைஞ்சிருக்காரு. அதே பயணத்துல ராத்திரி போய் வேற கட்டடங்கள்ல சும்மா ஒட்டிட்டு வந்துருக்காருன்னு கேஸ். அடுத்த வருஷம் தள்ளுபடி. எங்கப்பாகிட்ட சொன்னேன், சிரிச்சுட்டாரு. "காசு வந்தப்புறமும் கை அரிக்குது பாரு" ன்னாரு.

எங்க வீட்ல சாயங்காலமே அண்டாவுல மைதா காய்ச்சுவாங்க. கட்டி தட்டாம கிண்டிக்கிட்டே இருக்கணும், கூட கொஞ்சம் மயில்துத்தம், அதான் காப்பர் சல்பேட். அது போடலைன்னா மாடு தாளைத் தின்னுரும், பூச்சியும் அரிக்கும். ஈச்ச மட்டைய நசுக்கிப் பிரஷ் பண்ணிக்குவாங்க. ராத்திரி பன்னெண்டுக்கு மேல டிவிஎஸ் ஃபிப்டியில கெளம்பினா விடியத்தான் வருவாரு. சட்டையெல்லாம் காஞ்ச பசை, மொடமொடன்னு நிக்கும்.

அந்த ஆளு ஒட்டுற வீடியோ ஒண்ணை நேத்து அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை பாத்தாரு. படத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. "ஒட்டுனதுக்கு மேலயும் ஒரு கை பசை இழுக்குறான் பாரு. மழைக்கு நிக்கும். நாங்க அப்படிச் செய்ய மாட்டோம், முதலாளி அவ்வளவு மைதா தர மாட்டான்" ன்னாரு.